ஒரே ஈரநிலத்தில் வாத்துகள் பிழைத்திருக்க, பெருங்கொக்குகள் மட்டும் பறவைக் காய்ச்சலால் கூட்டமாக மடிவது ஏன்?

பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் இன்ஃபுளுவென்சா ஏ வைரசுக்கு நீர்ப்பறவைகள், குறிப்பாக நீர்ப்பரப்பில் மேயும் காட்டு வாத்துகள், இயற்கையான உறைவிடங்கள். வீரியம் குறைந்த வகைகள் அவற்றின் குடலில் பெருகி, எச்சத்தின் வழியே நீரில் கலக்கின்றன; குளிர்ந்த நீரில் அவை வாரக்கணக்கில் தொற்றும் திறனுடன் இருக்கும் என்பதால், வலசை வந்த பறவைகள் நெருக்கமாகக் கூடும் ஆழமற்ற நீர்நிலையில் ஒவ்வொரு மிடறும் ஆபத்தானதே. முந்தைய தொற்றுகளால் வாத்துகளுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் கிடைத்துவிடுகிறது. சில வாத்துகள் வீரியமிக்க வகையைக்கூட அறிகுறியின்றிச் சுமக்கின்றன.

இன்று கொன்று குவிக்கும் எச்5என்1 என்ற வீரியமிக்க வகையின் மரபுவழியோ, 1996-இல் சீனாவின் குவாங்டோங்கில் பண்ணைப் பெருவாத்து (goose) ஒன்றில் முதலில் அறியப்பட்டது. ஆகவே பழியை வலசைப் பறவைகள்மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. இந்த வகை மூளையையும் தாக்கும்: கழுத்து முறுக்கிக்கொள்ளும், பறவை ஒரே இடத்தில் வட்டமிட்டு நீந்தும், பிறகு தலை நீரில் சாயும்.

2021 டிசம்பரில் இஸ்ரேலின் ஹுலா பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான பெருங்கொக்குகள் மடிந்தன. வயல்களைக் காக்க அங்கே அவற்றுக்குத் தீவனம் இடப்பட்டு வந்தது. அதனால் ஏற்பட்ட நெரிசல் நோய்க்குத் துணைபோயிருக்கும் என்பதே என் கருத்து. செத்த பறவையைத் தின்னும் கழுகுகளுக்கும் நோய் தொற்றும் என்பதால், சடலங்களைப் பயிற்சி பெற்றவர்கள் விரைந்து அகற்றுவது பயன் தரும். மற்றவர்கள் அவற்றைத் தொடாமல் கால்நடைத் துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.