நோயாளிக்கான பாட்டு

அன்புள்ள ஐயா,

நவஹோ வம்சாவளிக் கலைஞர் கார்லோஸ் நகாயின் ‘கேன்யன் ட்ரிலஜி’ குழலிசையைத் தினமும் இரவில் கேட்கிறேன். அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினரின் சடங்குப் பாடல்கள் இப்படித்தான் இருக்குமா? அசல் சடங்கை முழுதாக எங்கே கேட்கலாம்? வெளியே விடாமல் பொத்திவைத்தால் அந்தக் கலை அழிந்துவிடாதா?

கி., திருச்சி

அன்புள்ள கி.,

1989-இல் வந்த அந்தத் தொகுப்பு அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. எனக்கும் பிடிக்கும். ஆனால் நீங்கள் தேடுவது குழலில் கிடைக்காது. நவஹோ சடங்கு குரலை நம்பி நிற்பது. துணைக்கு ஒரு கிலுகிலுப்பை, கவிழ்த்துப்போட்ட கூடையில் தட்டும் தாளம். பாடுகிறவர்தான் வைத்தியர். வண்ண மணலால் தரையில் தெய்வங்களை வரைந்து, நோயாளியை அதன்மேல் உட்காரவைத்துப் பாடுவார். முடிந்ததும் ஓவியத்தை அழித்துவிடுவார்கள். ‘இரவுச் சடங்கு’ ஒன்பது இரவுகள் நீளும், அதுவும் குளிர்காலத்தில் மட்டும். உறவும் ஊரும் கூடியிருக்கும். பாட்டு என்னவோ அந்த ஒரு நோயாளிக்குத்தான். பழைய ஒலிப்பதிவுகள் சில உண்டு. ஆனாலும் முழுச் சடங்கையும் கேட்க ஆசைப்படுவது, அடுத்தவர் மருந்துச்சீட்டை வாங்கிப் படிப்பது மாதிரி.

அழிந்துவிடாதா என்று கேட்டது நியாயம். ஹாஸ்டீன் க்ளாவை (1867–1937) அரித்ததும் அந்தக் கவலைதான். நியூ மெக்சிகோவில் வாழ்ந்த பெரும் பாடகர், தேர்ந்த நெசவாளரும்கூட. மணல் ஓவியங்களைக் கம்பளத்தில் நெய்தார். அழிக்க வேண்டியதை நிலைக்க வைக்கிறாரே என்று சொந்த ஜனங்களே மிரண்டார்கள். வித்தையை ஒப்படைக்க நினைத்திருந்த சீடர் 1931-இல் இறந்துபோனார். மேரி கேபட் வீல்ரைட் என்ற பாஸ்டன் செல்வச் சீமாட்டியிடம் சடங்குக் கதைகளைச் சொல்லி எழுதவைத்தார் க்ளா. அவற்றுக்காகச் சாண்டா ஃபேயில் ஒரு அருங்காட்சியகமே எழுந்தது. அது திறந்த 1937-இல்தான் அவரும் மறைந்தார். 1977-இல் அதே அருங்காட்சியகம் தன்னிடமிருந்த புனித மருந்துப் பொதிகளை (வைத்தியரின் சடங்குப் பொருள்கள் அடங்கிய மூட்டைகள்) நவஹோக்களிடம் திருப்பிக் கொடுத்தது. க்ளா செய்தது சரி, திருப்பிக் கொடுத்ததும் சரி என்பேன். முரண்பாடாகத் தோன்றினால் தோன்றட்டும். எதை, யாரிடம், எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிற உரிமை பாடுகிற ஜனங்களுடையது.

அவர்களே மனமுவந்து வெளியே தந்தவை நிறைய இருக்கின்றன. கானர் சீ என்ற நவஹோ பியானோக் கலைஞர், தாத்தா பாடிய மரபுப் பாடல்களைப் பின்பற்றிப் பியானோவுக்கு இசை எழுதியவர். 2014-இல் வந்த ‘தி நவஹோ பியானோ’விலிருந்து தொடங்குங்கள். பியானோ ஒத்துவராவிட்டால் ராட்மில்லா கோடி; நவஹோ மொழியிலேயே பாடுகிறவர், பாட்டி வளர்த்த பெண்.