புதிய பேருந்து நிலைய வளாகத்தில் மாடிக் கடை எடுக்கலாமா?

உங்கள் ஊர்ப் பெயரை நீங்கள் சொல்லவில்லை. ஆற்றங்கரை ஊர், பழைய பேருந்து நிலையத்தை இடித்து அடுக்குமாடி வளாகம் கட்டுகிறார்கள், அப்பா முப்பது வருடம் கடை வைத்திருந்த இடம், இப்போது முதல் மாடியில் கடை ஏலத்துக்கு வருகிறது, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஊர் திருநெல்வேலி. அங்கே பார்த்ததை வைத்துத்தான் சொல்ல முடியும்.

எடுக்காதீர்கள். பஸ் எந்த இடத்தில் நின்று ஆளை ஏற்றப் போகிறது என்று தெரிகிற வரைக்குமாவது எடுக்காதீர்கள்.

என் அம்மா நெல்லை ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் பூ விற்றாள். கடை கிடையாது. ஒரு தூண், உட்காரப் பலகை, ஓலைப்பெட்டி, அதன்மேல் நனைத்த சாக்கு. காலை மூன்றரைக்கு எழுந்து உதிரிப் பூ எடுத்து வந்து, தண்ணீரில் ஊறின வாழைநாரில் கட்டத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் பாதிப் பெட்டி நிறைந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் பிச்சிப் பூ வரும். எங்கள் பக்கம் மல்லியைவிடப் பிச்சிக்குத்தான் மவுசு.

அவள் உட்கார்ந்த இடம் சும்மா அமைந்ததில்லை. டவுன், பேட்டை போகிற பஸ்களில் பெண்கள் ஏறுகிற முன்படி வந்து நிற்கும் இடத்திலிருந்து நாலு எட்டு வைக்கிற தூரம். பஸ் வந்து நின்று கிளம்ப ஏழெட்டு நிமிடம். அதற்குள் முழங்கை வைத்து அளந்து, நாரைக் கிள்ளி, இலையில் சுற்றிக் கொடுத்து, சில்லறையும் கொடுத்தாக வேண்டும். கண்டக்டர் விசில் ஊதிவிட்டால் வியாபாரம் போயிற்று.

நான் எட்டாவது படிக்கும்போது, ஏதோ குழாய் வேலைக்காகத் தரையைத் தோண்டிப் போட்டு, அந்த பஸ்களைக் கொஞ்ச நாள் ஐம்பது அறுபது அடி தள்ளி நிறுத்தினார்கள். அதே பேருந்து நிலையம், அதே கூட்டம், அதே பூ. சாயங்காலம் பாதிப் பெட்டி அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் அம்மா பலகையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கே போய்விட்டாள். "பஸ்சு எங்க நிக்குதோ அங்கதாம்ல நம்ம கடை" என்றாள். உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

நகரங்களைப் புதுப்பிக்கும் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு 2017 ஜூன் மாதம் வந்த பட்டியலில் திருநெல்வேலி, திருச்சி, தூத்துக்குடி, திருப்பூர் எல்லாம் சேர்ந்தன. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் இடிக்காத இடமில்லை. பாளை (பாளையங்கோட்டை) பேருந்து நிலையம், பாளை மார்க்கெட், டவுனில் போஸ் மார்க்கெட், வ.உ.சி. மைதானம் என்று ஒவ்வொன்றாக விழுந்து எழுந்தன. ஜங்ஷன் பேருந்து நிலையத்தை 2018-ல் மூடினார்கள். அடித்தளத்துக்குத் தோண்டியபோது ஆற்று மணல் கிளம்பியது. தாமிரபரணி கூப்பிடு தூரத்தில் ஓடும்போது வேறென்ன கிளம்பும்? அந்த மணல் விவகாரம் மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை போனது. வேலை நின்றது, மறுபடி நடந்தது. திறப்பு விழா 2024 பிப்ரவரியில்தான். ஐந்து வருடத்துக்கு மேல் பஸ்கள் சுற்றியிருந்த சாலையோரங்களில் நின்றன.

உங்கள் அப்பாவிடம் ரசீது இருக்கும், வாடகைக் கணக்கு இருக்கும். இடிக்கும்போது மாற்று இடம் கொடு என்று கேட்க அவருக்கு ஒரு காகிதம் உண்டு. அம்மாவிடம் என்ன இருந்தது? ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டோம். எந்த அலுவலகம் என்பதெல்லாம் வேண்டாம். அங்கே ஷட்டர் போட்ட கடைகளின் பட்டியல் இருந்தது. தூணடியில் உட்கார்ந்தவர்களின் பட்டியல் இல்லை. "கடை நம்பர் சொல்லும்மா" என்றார் ஒருவர். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் படித்தவன், பதில் சொல்லுவேன் என்று நினைத்தாள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014-லேயே சட்டம் வந்துவிட்டது என்பது எனக்கு அதற்கு அப்புறம்தான் தெரியும். முதலில் கணக்கெடுக்க வேண்டும், சான்று கொடுக்க வேண்டும், அது முடியும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் முப்பது நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டப்படி அமைக்கிற ஊர் விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அன்றைக்கு இது தெரிந்திருந்தால் அந்த மேஜைக்கு முன்னால் அப்படி நின்றிருக்க மாட்டேன். உங்கள் அப்பா கடைக்கு முன்னால் வெற்றிலை, பழம், பூ விற்கிறவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து இதை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் இருந்தால்தான் உங்கள் அப்பா கடைக்கும் கூட்டம் வரும்.

அந்த ஐந்து வருடத்தில் அம்மா நாலு இடம் மாறினாள். ஒவ்வொரு தடவையும் முதல் ஒரு வாரம் பூ வாங்குகிறவர்களுக்கு அவளைத் தெரியாது, அவளுக்கும் அவர்களைத் தெரியாது. "நேத்துப் பூவா?" என்று கேட்பார்கள். பழைய இடத்தில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. நடுவில் கொரோனா. 2020-ல் சாலையோர வியாபாரிகளுக்கு முதல் கடனாகப் பத்தாயிரம் ரூபாய் கொடுக்கும் மத்திய அரசுத் திட்டம் வந்தது. அது எங்களுக்கு நிஜமாகவே கைகொடுத்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

பிறகு 2023 டிசம்பர் 17, 18. எங்கள் வீடு சிந்துபூந்துறையில். தாமிரபரணி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஜங்ஷன் பேருந்து நிலையப் பக்கமெல்லாம் வெள்ளம். அம்மாவின் ஓலைப்பெட்டி எங்கே போனதென்றே தெரியவில்லை. பலகை மட்டும் வாசல் கம்பியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. அதைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு, சேறு அள்ளுவதை விட்டுவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உங்கள் ஊரும் ஆற்றங்கரை என்பதால் சொல்கிறேன். வளாகத்தின் வண்டி நிறுத்தம் தரைக்குக் கீழே என்றால், பெரிய வெள்ளம் வந்த வருடத்தில் அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பழைய ஆட்களிடம் கேளுங்கள். எங்கள் ஊரில் 1992 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் சுவரில் கைவைத்து உயரம் காட்டுவார்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆற்றுக்குள்ளேயே கட்டியவர்கள், வெள்ளம் வந்து மோதும் பக்கத்தைப் படகு முனை மாதிரி கூர்மையாகக் கட்டி வைத்தார்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடுகிறது. ஆறு எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்துகொண்டு கட்டியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் எதுவும் கட்டக் கூடாதா, பழைய குப்பையிலேயே கிடக்கணுமா" என்று யாராவது கருத்துப் பெட்டியில் வருவார்கள். வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். பழைய பேருந்து நிலையத்தின் அருமை பெருமை பேசுகிற ஆள் நான் இல்லை. மழை பெய்தால் கணுக்கால் தண்ணீர். கழிப்பறைப் பக்கம் போக முடியாது. அங்கே போகவேண்டி வந்துவிடும் என்று பயந்தே அம்மா பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்க மாட்டாள். இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். புதிய கட்டடம் வேண்டும். சுலோச்சன முதலியார் பாலம் 1843-ல் புதுசுதானே? கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த ஒரு மனிதர் சொந்தப் பணம் போட்டுக் கட்டினார், இன்றைக்கும் ஜங்ஷனிலிருந்து பாளைக்கு அதன்மேல்தான் போகிறோம். மக்கள் எங்கே ஆற்றைக் கடந்தார்களோ அங்கே பாலம் வந்தது. நான் கேட்பது அவ்வளவுதான்.

உங்கள் மாடிக் கடைக்கு வருகிறேன். டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாடி ஏற மாட்டார். கையில் பை, இடுப்பில் பிள்ளை, கண் பஸ் வரும் திசையில். அவர் வாங்குவது இருபதடிக்குள் கிடைப்பதை மட்டும்தான். வெளியூர் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கிறவர் ஏறலாம், அதுவும் ஓட்டல் இருந்தால். தையல் கடை, செல்போன் ரிப்பேர், ஜெராக்ஸ் மாதிரி ஆள் தேடி வருகிற தொழிலானால் மாடி பரவாயில்லை. டீ, பழம், பூ, நொறுக்குத் தீனி என்றால் வேண்டவே வேண்டாம். உங்கள் அப்பாவுடையது என்ன கடை என்று நீங்கள் சொல்லவில்லை.

இன்னொன்று ஏலம். புதுக் கட்டடத்தின் பளபளப்பில், பக்கத்தில் நிற்கிற ஆளுடன் போட்டி போட்டுக்கொண்டு தொகையை ஏற்றிவிடுவார்கள். ஏலத்தில் கேட்ட வாடகைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அது போக முன்பணம். எத்தனை ரூபாய் வரை போவோம் என்பதை வீட்டிலேயே அப்பாவிடம் பேசி, தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. பஸ் மாறியது, பேருந்து நிலையம் மாறியது, எல்லாவற்றையும் அம்மா தாங்கினாள். கல்யாண மேடையில் பிளாஸ்டிக் பூ வந்ததைத்தான் தாங்கவில்லை. போன ஆவணியில் எங்கள் சொந்தத்திலேயே ஒரு கல்யாணம். மேடை முழுக்கத் துணிப் பூவும் பிளாஸ்டிக் பூவும், வாடகைக்கு எடுத்தது. அம்மா அதில் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை முகர்ந்தாள். மண்டபத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறவர்கள், பூக்கட்டுகிறவளிடம் முழத்துக்கு ஐந்து ரூபாய் பேரம் பேசுகிறார்கள். மார்கழிப் பனியில் பூ வரத்துக் குறைந்து விலை ஏறினால் அவளையே திட்டுகிறார்கள். சொந்தக்காரர்கள் இதைப் படித்தால் வருத்தப்படட்டும், பரவாயில்லை.

ஜங்ஷன் பேருந்து நிலையம் திறந்த மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைகளை அவள் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தும் தடங்களின் ஓரமாக ஒரு சுற்று நடந்தாள். பேட்டை பஸ் எங்கே வந்து நிற்கிறது, முன்படி எந்தப் பக்கம் திறக்கிறது, பெண்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்று அரை மணி நேரம் நின்று பார்த்தாள். பிறகு, "வேண்டாம்ல, நான் ரோட்டுல இருக்க இடத்துலயே இருந்துக்கிடுதேன். அங்க பஸ்சு திரும்பையில மெதுவாப் போவும்" என்றாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள்.

வளாகத்தின் வரைபடம் உங்களுக்குக் கிடைத்தால் கடை எண்கள் போட்ட பக்கம் எனக்கு வேண்டாம். பஸ் நிற்கும் தடங்களும் படிக்கட்டும் போட்ட பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். அம்மாவிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன்.