மூன்று முறை படித்தும் மறந்துபோகிறதா? புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஒரு பாடத்தை மூன்று நான்கு முறை படித்தாலும் தேர்வில் மறந்துவிடுகிறான். ஞாயிறுதோறும் என் தம்பியின் டூவீலர் பட்டறைக்குப் போகிறான். அங்கே கற்றது எதுவும் அவனுக்கு மறப்பதில்லை. ஒரு தனியார் மையத்தில் சோதித்துவிட்டு, ‘இவன் பார்த்துக் கற்கும் வகை; வீடியோ பாடம்தான் இவனுக்கு ஏற்றது’ என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: அந்தச் சோதனையை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். படம் பார்க்கப் பிடித்த பிள்ளைகளும் காதால் கேட்கப் பிடித்த பிள்ளைகளும் இருப்பது உண்மை. ஆனால் பிடித்த வழியிலேயே சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்பார்களா என்பது வேறு கேள்வி. 2008-இல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். எந்த வழியில் கற்பது என்பதைப் பெரும்பாலும் பாடமே முடிவு செய்கிறது. நில வரைபடத்தை யாராக இருந்தாலும் கண்ணால் பார்த்தாக வேண்டும். ழகர உச்சரிப்பைக் காதால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உங்கள் கேள்விக்கான விடை, நீங்களே குறிப்பிட்டிருக்கும் பட்டறையில் இருக்கிறது. ஸ்டார்ட் ஆகாத பழைய வண்டி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறான். முனை கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகிறது என்பதை அவனே நினைவிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்து, அதிலுள்ள ஜெட் என்ற சிறு துளைக்குழலைத் துடைத்து மாட்டிவிட்டுக் கிக்கரை உதைக்கிறான். தவறு செய்திருந்தால் அந்த நொடியே தெரிந்துவிடுகிறது, மாமா திருத்துகிறார். அடுத்த ஞாயிறு இன்னொரு வண்டி, வேறொரு கோளாறு. கையால் கற்கும் வகையைச் சேர்ந்தவன் என்பதால் இது அவன் மனதில் நின்றுவிடவில்லை. நினைவிலிருந்து எடுப்பது, உடனே சரிபார்ப்பது, நாள் இடைவெளி விட்டுத் திரும்பச் செய்வது ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதால் நிற்கிறது. வீட்டில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று முறை வாசிக்கும்போது இந்த மூன்றில் ஒன்றுகூட நடப்பதில்லை.

செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் நடத்திய சோதனை ஒன்று 2006-இல் வெளிவந்தது. மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்தபின், ஒரு முறை அதையே மறுபடி வாசித்தார்கள். இன்னொரு முறை, வேறொரு பத்தியைப் படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி வாசித்ததில் 81 சதவீதமும் எழுதிப் பார்த்ததில் 75 சதவீதமும் நினைவிருந்தன. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: வாசித்ததில் 42, எழுதியதில் 56. திரும்ப வாசித்தவுடன் ‘எல்லாம் தெரிகிறது’ என்று தோன்றும் அந்த நிறைவுதான் உங்கள் மகனை ஏமாற்றுகிறது. அவன் சோம்பேறியும் இல்லை, மந்தமும் இல்லை. இதை அவனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இன்றிரவே தொடங்கலாம். இதயம் பற்றிய பாடத்தை ஒரு முறை கவனமாகப் படிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் நான்கு அறைகளையும் வரைந்து, இரத்தம் போகும் வழியை அம்புக்குறியால் காட்டட்டும். வலது வென்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயைச் சிரை என்று எழுதிவிடுவது பல பிள்ளைகள் செய்யும் பிழை. அசுத்த இரத்தம் என்றாலே சிரை என்று மனப்பாடம் செய்திருப்பதால் வருவது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுவருவது சிரை, இதயத்திலிருந்து கொண்டுபோவது தமனி. புத்தகத்தைத் திறந்து, தமனி என்று சிவப்பு மையில் அவனே திருத்தட்டும். அடுத்த நாள், மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து, புதுத்தாளில் மீண்டும் வரையட்டும். முதல் சில நாள்கள் தாள் முழுக்கச் சிவப்பாகத்தான் இருக்கும், அப்போது திட்டாதீர்கள்.

வரைந்ததை உங்களிடமோ தங்கை தம்பியிடமோ விளக்கச் சொல்லுங்கள். நன்னூலில் பவணந்தி முனிவர் இதற்குக் கணக்கே சொல்லியிருக்கிறார்: ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் கிடைக்கும், உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைப்பதில் மீதி அரைப்பங்கு. ஆய்வுக்கூடத்தில் அளந்த எண்கள் அல்ல இவை. ஆனால் எடுத்துரைப்பதற்கு இத்தனை பெரிய இடத்தை அந்த இலக்கணப் புலவர் கொடுத்திருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

கணக்கில் ஒரே பயிற்சியின் இருபது கணக்குகளை வரிசையாகப் போடுவதைவிட, மூன்று பாடங்களின் கணக்குகளைக் கலந்து போடுவது நல்லது. எந்த முறையைப் பயன்படுத்துவது என்று முடிவெடுக்கும் பழக்கம் அப்போதுதான் வரும். வீடியோ பார்ப்பதும் தவறில்லை. நடுவில் நிறுத்தி, இதுவரை சொன்னதை எழுதிப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

இப்படி இரண்டு மாதம் செய்தும் முன்னேற்றம் இல்லையென்றால், முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பதிலேயே அவன் சிறுவயது முதல் திணறி வந்தான் என்றால் இரண்டு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் கேளுங்கள். மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. அதற்கான விண்ணப்பத்தைத் தேர்வுக்கு வெகு முன்பே தலைமை ஆசிரியர் வழியாக அனுப்ப வேண்டும் என்பதால், அவரை இப்போதே சந்தித்துவிடுங்கள்.