ஓட்டை விழுந்த சைலன்சர்: எதை வாங்கிப் பொருத்துவது?

கேள்வி: 2013ஆம் ஆண்டு டொயோட்டா 86 காரைப் பழையதாக வாங்கி ஓட்டி வருகிறேன், கையால் கியர் மாற்றும் ரகம். பின் சைலன்சரின் அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, சத்தமும் கூடிவிட்டது. மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலில் அடுக்குமாடி வீடு, பங்சாரில் வேலை, மாதம் இருமுறை ஈப்போவில் இருக்கும் பெற்றோரைப் பார்க்கப் போவேன். சைலன்சரையே எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டால் செலவு குறையும், வேகமும் கூடும் என்கிறார் பட்டறைக்காரர். நண்பர்களோ மூன்று அங்குலக் குழாய் போடச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு யோசனையையும் விட்டுவிடுங்கள். உங்கள் காரில் மாற்ற வேண்டியது பின் சைலன்சர் ஒன்றுதான். முன்னால் இருக்கும், புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கிப் பெட்டிகளையும் நடுக்குழாயையும் யாரும் தொடத் தேவையில்லை.

முதலில் அந்த ஓட்டையைப் பாருங்கள். பல சைலன்சர்களில் தண்ணீர் வடிவதற்கென்றே அடியில் சிறு துளை வைத்திருப்பார்கள். வட்டமாக, விளிம்பு சுத்தமாக இருந்தால் அது பழுதல்ல. அதை அடைத்துப் பற்றவைத்தால் பெட்டி இன்னும் சீக்கிரம் கெடும். சுற்றிலும் துரு பொரிந்து, விரலால் அழுத்தினால் தகடு உள்வாங்கினால்தான் அது உண்மையான ஓட்டை. உங்களுக்குச் சத்தமும் கூடியிருப்பதால் இரண்டாவதாகத்தான் இருக்கும். அப்படியென்றால் தள்ளிப்போட வேண்டாம். பின்பக்கக் கசிவு வழியாகக் கார்பன் மோனாக்சைடு காருக்குள் நுழைய வாய்ப்புண்டு, அதற்கு வாசனையும் கிடையாது.

ஏன் துருப்பிடித்தது என்று தெரிந்தால் அடுத்து எந்த உலோகம் வாங்குவது என்பதும் தெரிந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. நெடுஞ்சாலையில் சைலன்சர் நன்றாகச் சூடேறி, அந்த ஆவி அப்படியே வெளியே போய்விடும். செந்தூலிலிருந்து பங்சாருக்கு நெரிசலில் ஊர்ந்து போகும்போது என்ஜினிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் இந்தப் பெட்டி போதிய சூடு பெறுவதில்லை. ஆவி குளிர்ந்து, அமிலம் கலந்த தண்ணீராக அடியில் தேங்குகிறது. அதனால்தான் வெளியே பளிச்சென்று தெரியும் சைலன்சர்கூட உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது.

ஆகவே புதிதாக வாங்கினால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். அதில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. 409 ரகத்தில் குரோமியம் 11 விழுக்காடு அளவில்தான். விரைவில் மேற்பரப்பு பழுப்பேறும், ஆனாலும் சாதாரண இரும்பைவிடப் பல மடங்கு தாங்கும். கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். 409 காந்தத்தை இறுகப் பிடிக்கும். 304 பிடிக்காது, வளைவுகளில் மட்டும் இலேசாக ஈர்க்கலாம். பெட்டியின் உடலை மட்டும் சோதித்துவிட்டு வந்துவிடாதீர்கள், உள்ளே போகும் குழாயிலும் வைத்துப் பாருங்கள். வெளித்தகடு 304, உட்குழாய் மலிவு இரும்பு என்று செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். டைட்டானியம் எடை குறைந்தது, அழகானது. உங்கள் தேவைக்கு அந்தச் செலவு வேண்டாம்.

குழாயின் அகலம்: உங்கள் என்ஜின் 1998 சிசி, 200 குதிரைத்திறன், டர்போ இல்லாதது. இதற்கு 60 முதல் 63 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலம் வரை தாராளம். மூன்று அங்குலத்துக்குப் போனால் குழாயின் குறுக்குப் பரப்பு 44 விழுக்காடு கூடும். அதில் புகையின் ஓட்டம் மந்தமாகும், சத்தம் மட்டும் பெருகும். "கொஞ்சம் பின்னழுத்தம் இருக்க வேண்டும்", அதாவது புகை வெளியேறுவதற்குச் சற்றுத் தடை வேண்டும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். என்ஜினுக்கு வேண்டியது அழுத்தம் அல்ல, புகை வேகம் குறையாமல் ஓடுவதுதான். இந்தக் காரில் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுழற்சியைத் தாண்டியதும் இழுவை சற்றுத் தொய்யும் என்பது எல்லாருக்கும் தெரிந்த குறை. பின் சைலன்சர் எதைப் போட்டாலும் அது தீராது. வேகம் கூடும் என்ற பேச்சுக்காக ஒரு ரிங்கிட்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு நான் அதிகம் அஞ்சுவது ஈப்போ பயணத்தை நினைத்துத்தான். நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுழற்சிக்கு இரண்டு வெடிப்பு. ஆறாவது கியரில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுழற்சியை ஒட்டி ஓடும். அப்படியானால் விநாடிக்கு 100 வெடிப்பு, 100 ஹெர்ட்ஸ் ஒலி. சிறிய காரின் உள்ளறை இப்படிப்பட்ட தாழ்ந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு அதிரும். கடை வாசலில் நின்று முறுக்கிக் கேட்கும்போது இது தெரியவே தெரியாது. தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள் தலை வலிக்கும். அதே சைலன்சர் போட்ட வேறொரு 86இல் நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இந்த இரைச்சலை அடக்க ஒரு முனை அடைத்த கிளைக்குழாய் வைப்பதுண்டு, ஆனால் 100 ஹெர்ட்ஸுக்கு அது ஒரு மீட்டருக்கும் மேல் நீளம் வேண்டும். உங்கள் காரின் அடியில் அதற்கு இடம் தேடுவது பெரும்பாடு. காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் வினையூக்கியைச் சூடாக்க அது சற்று வேகமாகச் சுழலும் என்பதையும் மறக்க வேண்டாம். அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் அந்த ஒரு நிமிடம் போதும், அண்டை வீட்டார் புகார் எழுத.

சட்டமும் நேர்க்குழாய்க்கு எதிராகவே இருக்கிறது. 1959ஆம் ஆண்டு மோட்டார் வாகனக் கட்டுமான விதிகளும் 1987ஆம் ஆண்டு வாகன ஒலி விதிமுறைகளும் இங்கே நடப்பில் உள்ளன. சாலைத் தடுப்புச் சோதனைகளில் சாலைப் போக்குவரத்து இலாகா அதிகாரிகள் புகைக்குழாயைக் கவனித்துப் பார்க்கிறார்கள். காரை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையும் இருக்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் தேடுவது, வேறொருவர் கழற்றி வைத்த அசல் டொயோட்டா சைலன்சரை. இந்தக் காரை வாங்குபவர்களில் பலர் அசல் பெட்டியைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய உதிரிபாகக் கடைகளிலும் 86 உரிமையாளர்கள் மத்தியிலும் விசாரித்தால் கிடைக்கும். தூக்கிக் குலுக்கிப் பாருங்கள்: உள்ளே கலகலவென்றால் வேண்டாம். உங்கள் பழைய பெட்டி பத்தாண்டுக்கு மேல் உழைத்திருக்கிறது. சத்தமும் இரைச்சலும் இல்லாமல் இன்னொரு பத்தாண்டை நெருங்கினால் அதுவே நல்ல பேரம்.

ஸ்போர்ட்ஸ் காருக்குரிய குரல் வேண்டும் என்று மனம் கேட்டால், அதுவும் நியாயமான ஆசைதான், ஜப்பானியத் தயாரிப்பில் பணத்தைப் போடுங்கள். 2010 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களுக்கான மாற்று சைலன்சர்கள் அங்கே ஒலிச் சோதனையில் தேறி, அதற்கான உலோகத் தகடு பொருத்தியிருக்க வேண்டும். ஃபுஜிட்சுபோ, எச்கேஎஸ் இரண்டும் இந்தக் காருக்கு அப்படிச் செய்கின்றன. போலிகள் உண்டு, சைலன்சரில் தகடும் கூடவே சான்றிதழும் இல்லாமல் பல ஆயிரம் ரிங்கிட் கொடுத்துவிடாதீர்கள்.

பொருத்தும் அன்று, குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையும் தொங்கும் ரப்பர் வளையங்களையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். குழாயின் முனைக்கும் பம்பருக்கும் இடையே ஒரு விரல் அகலமாவது இருக்கட்டும். என்ஜின் ஆடும்போது முனையும் ஆடும், பிளாஸ்டிக் உருகும். முதல் ஈப்போ பயணம் முடிந்து திரும்பியதும், கார் முழுவதும் ஆறிய பிறகு, நட்டுகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.