தத்தெடுத்த பையன் என்னிடம் ஒட்டிக்கொள்கிறான், என் தங்கையை மட்டும் அடிக்கிறான், கடிக்கிறான். நான் எப்படி உதவுவது?

தங்கை 5 வயதுப் பையனைத் தத்தெடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது, நீங்கள் போனால் ஓடிவந்து மடியில் உட்கார்ந்துகொள்கிறான், அவள் சொல்வதைக் கேட்டால் வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல இருக்கிறது, மிகைப்படுத்துகிறாளோ என்று தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

மிகைப்படுத்தவில்லை. "நீ சொல்றதை நான் நம்புறேன்" என்று இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள். மற்ற உதவியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் மகள் 4 வயதில் எங்களிடம் வந்தாள். அதற்குள் மூன்று வீடு மாறியிருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "என்ன சமத்து!" என்பார்கள். அவர்கள் கிளம்பிக் கதவு சாத்திய ஐந்தாவது நிமிடம் என் முழங்கையில் பல் பதிந்திருக்கும். ஒரே நாளில் ஒருவர் "இன்னும் கொஞ்சம் கண்டிச்சு வளர்க்கணும்" என்றார், இன்னொருவர் "நீ ரொம்பக் கண்டிக்கிறே, அதான்" என்றார். அப்புறம் நான் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. முழுக்கைச் சட்டை போடப் பழகிக்கொண்டேன்.

ஏன் அம்மாவிடம் மட்டும்? கைக்குழந்தை அழுகிறது, ஒருவர் வந்து தூக்குகிறார். இது ஆயிரக்கணக்கான தடவை நடந்துதான் "ஆள் வரும்" என்ற நம்பிக்கை உடம்பில் ஏறுகிறது. யாரும் வராத குழந்தைக்கும், தூக்கிய கையே அடித்த குழந்தைக்கும் நெருக்கம் என்றாலே ஆபத்து. உங்களிடம் அவனுக்குப் பயமில்லை. நீங்கள் வந்துபோகிறவர். அவளோ போகாமல் இருக்கிறாள். இவளும் எப்போது விட்டுவிட்டுப் போவாள் என்று தெரியாத தவிப்பில், சில சமயம் அவனே அவளைத் துரத்திப் பார்க்கிறான்.

ஆகவே மடியில் வந்து உட்கார்வதைப் பாசம் என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன வயதில் சரியான பராமரிப்பு கிடைக்காத குழந்தைகளுக்கு வரும் பிணைப்புச் சிக்கலை, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013 பதிப்பில் இரண்டு தனிக் கோளாறுகளாகப் பிரித்தது. வலித்தாலும் யாரிடமும் ஆறுதல் தேடாமல் ஒதுங்குவது ஒன்று, முன்பின் தெரியாதவரோடும் கூச்சமில்லாமல் ஒட்டிக்கொள்வது இன்னொன்று. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ல் ஒரு ஆய்வு தொடங்கியது. காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல வருடம் கவனித்தார்கள். ஒதுங்குகிற தன்மை, குடும்பம் கிடைத்ததும் நன்றாகவே குறைந்தது. எல்லாரிடமும் ஒட்டுகிற தன்மை அவ்வளவு எளிதில் போகவில்லை. "அன்பு காட்டினா எல்லாம் சரியாயிடும்" என்று தங்கையிடம் யாராவது சொன்னால் நீங்கள் நடுவில் புகுந்து தடுத்துவிடுங்கள். அது, நீ காட்டும் அன்பு போதவில்லை என்றுதான் அவள் காதில் விழும்.

தங்கையின் பையனுக்கு இருப்பது இதுதான் என்று நான் சொல்ல முடியாது, அதைக் குழந்தை மனநல மருத்துவர் பார்க்கட்டும். ஒரே குழந்தைக்கு மூன்று மருத்துவர் மூன்று பெயர் சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள். சின்ன வயதில் திரும்பத் திரும்பப் பட்ட காயங்களால் வரும் பாதிப்புக்கு, வளர்ச்சிக் கால அதிர்ச்சி என்ற தனிப் பெயரை மனநல மருத்துவர் பெஸல் வான் டெர் கோல்க் 2005-ல் முன்வைத்தார், அந்தக் கையேடு அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் கவனக்குறைவு, அடங்காமை என்று துண்டு துண்டாகத்தான் பெயர் வரும்.

சரி, உதவிக்கு வருகிறேன். எனக்குக் கைகொடுத்தவர் என் அண்ணி. வியாழக்கிழமை தோறும் வருவார். மகளோடு விளையாட உட்கார மாட்டார். நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவார், காய்ந்த துணியை மடிப்பார். மகள் போய்த் தண்ணீர் கேட்டால், டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு "அம்மாகிட்ட வாங்கிக்கோ" என்பார். மடியில் ஏறினால் பதமாக இறக்கி, கையைப் பிடித்து என் பக்கத்தில் கொண்டுவந்து விடுவார். என்ன கல்மனசு என்று முதலில் எனக்கே கோபம். நாலு மாதம் மகள் அவரை முறைத்தாள். ஒரு வியாழன் மாலை வாசலில் விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டு ஓடிவந்தாள். அண்ணிதான் பக்கத்தில் நின்றார். அவரைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். அழவில்லை, பாவாடையைத் தூக்கி முட்டியைக் காட்டினாள், அவ்வளவுதான். அடுத்த நாள் மறுபடி கடித்தாள், அது வேறு.

நல்ல பெரியம்மாவாக, நல்ல மாமாவாக அவன் மனதில் இடம்பிடிக்க நாம் போட்டி போடக்கூடாது. சொல்வது எளிது. குழந்தை நம்மிடம் ஓடிவரும்போது கிடைக்கிற சந்தோஷத்தை விட்டுக்கொடுப்பது கஷ்டம்தான்.

"ரெண்டு நாள் என்கிட்ட விடு, நீ தூங்கு" என்று நல்லெண்ணத்தில் சொல்லத் தோன்றும். அவனுக்கு அது இன்னொரு வீடு மாறுவது. பதிலாக நீங்கள் அங்கே போய் வீட்டு வேலையைப் பாருங்கள், பையன் அவள் கண்ணெதிரில் இருக்கட்டும். பின்னால், முன்கூட்டியே அவனிடம் சொல்லி, எப்போதும் ஒரே ஆளிடம் சில மணி நேரம் விட்டுப் பழக்கலாம். தனியறையில் உட்காரவைக்கும் தண்டனை வேண்டாம். கைவிடப்பட்ட குழந்தைக்கு அது தண்டனையாகப் புரியாது, மறுபடி கைவிட்டதாகவே புரியும்.

தங்கையைப் பற்றியும் ஒன்று. விடாமல் உதைபட்டுக்கொண்டே இருந்தால் அம்மாவுக்குள்ளும் ஏதோ அணைந்துவிடுகிறது. நான் குளிப்பாட்டுவேன், தலை வாருவேன், கதை படிப்பேன். உள்ளே ஒன்றுமே இருக்காது. நான் அரக்கி என்று நினைத்து எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. இது இப்படிப்பட்ட வீடுகளில் சாதாரணம் என்று பின்னால் ஒரு மனநல ஆலோசகர் சொன்னபோதுதான் மூச்சு வந்தது. தங்கை "எனக்கு இவனைப் பிடிக்கலை" என்று சொன்னால் பதறாதீர்கள், அறிவுரையும் சொல்லாதீர்கள். அவளை அழவிட்டு, தூங்கவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. குழந்தையைப் பலவந்தமாக அமுக்கிப் பிடித்து, போர்வையில் சுற்றி "பிணைப்பு உண்டாக்குகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகவேண்டாம். 2000-ல் அமெரிக்காவின் கொலராடோவில் இப்படி ஒரு சிகிச்சையில் 10 வயதுச் சிறுமி மூச்சுத்திணறி இறந்தாள். அடுத்த வருடமே அந்த மாநிலம் அதைத் தடைசெய்தது. பெற்றோரையும் கூட உட்காரவைத்து வேலைசெய்கிற ஆலோசகரைத் தேடுங்கள்.

அடுத்த தடவை போகும்போது, கிளம்புவதற்கு அரை மணி முன்பே பையனிடம் சொல்லிவிடுங்கள், திடீரென்று எழுந்து போகாதீர்கள். வீடு போய்ச் சேர்ந்ததும் தங்கைக்கு "உன் கை எப்படி இருக்கு?" என்று ஒரு வரி அனுப்புங்கள். குழந்தை எப்படி இருக்கான் என்று கேட்க அவளுக்கு நிறையப் பேர் இருப்பார்கள்.