கடற்கரை ஊரில் பழைய வீடு வாங்கும் முன்: கட்டட உறுதி ஆய்வு குறித்த கேள்வி-பதில்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம், வேலை சென்னையில். குலசேகரன்பட்டினத்தில் ஒரு பழைய காரைக்கட்டு வீடு விலைக்கு வந்திருக்கிறது. கட்டி எண்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். கீழே தார்சா (முன்தாழ்வாரம்), பட்டாசல் (நடுக்கூடம்), இரண்டு அறைகள், அடுக்களை; மேலே மட்டப்பா (மொட்டைமாடி). முப்பது ஆண்டுகளுக்கு முன்பு மட்டப்பாவில் இரண்டு கான்கிரீட் அறைகள் எழுப்பியிருக்கிறார்கள். வங்கியிலிருந்து பொறியாளர் வந்து பார்த்துக் கடனுக்குப் பரிந்துரைத்துவிட்டார். வில்லங்கச் சான்றிதழும் சரியாக இருக்கிறது. இதற்கு மேலும் கட்டட உறுதி ஆய்வு என்று தனியாகச் செலவு செய்ய வேண்டுமா?

பதில்: கட்டாயம் செய்ய வேண்டும், அதுவும் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். வில்லங்கச் சான்றிதழ் அந்தச் சொத்தின்மீது பதிவான பத்திரங்களைக் காட்டுமே தவிர, உத்திரத்தைக் கரையான் தின்றிருப்பதைக் காட்டாது. வங்கியின் மதிப்பீட்டாளர், கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று வங்கிக்காகப் பார்க்கிறார். கடற்கரை ஊர்களில் ஈட்டின் பெரும்பகுதி மனையின் விலையிலேயே அடங்கிவிடும். கட்டடம் நாளை பழுதானாலும் மனை அங்கேயே இருக்கும் என்பதால் வங்கிக்கு நட்டமில்லை. அந்த வீட்டில் குடியிருக்கப்போகிற உங்கள் கவலை வேறு. ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து குலசேகரன்பட்டினத்தில் விலை விசாரிப்பவர்கள் கூடியிருப்பதால், ‘இன்றைக்கே முன்பணம் கொடுங்கள், நாளைக்கு வேறு ஆள் வந்துவிடுவார்’ என்று தரகர் அவசரப்படுத்துவார். ஒரு வாரம் பொறுக்க மாட்டேன் என்கிற விற்பனையில் அந்த அவசரத்துக்குக் காரணம் என்ன என்று விசாரிப்பது நல்லது.

உங்கள் கடிதத்தில் என் கவனம் முதலில் சென்றது எண்பது ஆண்டுக் கீழ்த்தளத்தின்மேல் அல்ல, முப்பது ஆண்டு மேல்தளத்தின்மேல்தான். நம் கடற்கரையில் சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் தேக்கும் கொண்டு கட்டிய வீடுகள், கூரை ஒழுகாமலும் சுவர் மூச்சுவிடும்படியும் வைத்திருந்தால் நூறாண்டைத் தாராளமாகக் கடக்கின்றன. கடற்காற்றிலுள்ள உப்பைத் தாங்காதது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. கடலோரத்தில் அலைத்திவலை படும் இடத்துக் கான்கிரீட்டில் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம் குறைந்தது 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்றும், கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றும் இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 456 கூறுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஊர்க்கிணற்று உப்புத் தண்ணீரிலும் கிடைத்த மணலிலும் கலந்து போட்ட தளங்களில் இந்த இரண்டும் பெரும்பாலும் கவனிக்கப்படவில்லை. கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு, இரும்பு இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடத்தைக் கேட்கிறது. அந்த நெருக்கலில்தான் தளத்தின் அடிப்பக்கம் பொரிந்து, கம்பியின் போக்கிலேயே நீளமாக வெடிப்பு விட்டு, கடைசியில் பாளம் பாளமாகக் கீழே விழுகிறது.

அடுத்தது சுமை. 12 அடிக்கு 12 அடி அறையின் நாலரை அங்குலக் கான்கிரீட் தளம் மட்டுமே ஏறத்தாழ 4 டன் எடை இருக்கும். அதன்மேல் 1000 லிட்டர் தண்ணீர்த்தொட்டி வைத்தால் இன்னொரு டன். இந்தச் சுமை முழுவதும் மேலறைச் சுவர்கள் வழியாக எங்கே இறங்குகிறது என்பதே ஆய்வின் முதல் கேள்வி. மேல்சுவர் கீழ்ச்சுவரின்மேல் நேராக உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் பிழைத்தோம். கீழே பட்டாசலை அகலமாக வைத்துக்கொண்டு, மேலே அதன் நடுவில் குறுக்குச் சுவர் எழுப்பியிருந்தால், அந்தச் சுவரைத் தேக்கு உத்திரம் முப்பது ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உத்திரத்தின் இரு முனைகளுக்கும் நூல் கட்டிப் பார்த்தால் நடுவில் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

உத்திரத்தில் நீங்களே பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதன் நடுப்பகுதியை எல்லோரும் தட்டிப் பார்ப்பார்கள். அது காற்றோட்டத்தில் இருப்பதால் நன்றாகவே இருக்கும். சுவருக்குள் ஒரு சாண் நுழைந்து உட்கார்ந்திருக்கிற முனைதான் முதலில் கெடும். மட்டப்பாவில் தட்டோடு (தளத்தில் பதிக்கும் தட்டை ஓடு) விரிசல் விட்ட இடத்திலும், கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையிலும் இறங்குகிற மழைத்தண்ணீர் சுவர் வழியாக வந்து இந்த முனையில்தான் தங்குகிறது. மர முனைக்கு அருகில் சுவரில் பழுப்புக் கறை இருக்கிறதா, கரையானின் மண்கோடு ஓடுகிறதா, கோணூசியால் (சாக்குத் தைக்கும் ஊசி) குத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் எதிர்ப்பில்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால், அந்த முனையைச் சுற்றிக் காரையைச் சிறிது கொத்திப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். கொத்திய இடத்தைப் பூசித் தருவதாகச் சொல்லியும் மறுத்தால் அந்த மறுப்பையும் ஆய்வின் ஒரு முடிவாகவே எடுத்துக்கொள்ளலாம்.

சுவர்களில் தரையிலிருந்து மூன்று நான்கு அடி வரை பாருங்கள். சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சினாலும் காற்றில் விட்டுவிடும். ‘ஈரம் ஏறுகிறது’ என்று சொல்லி அதன்மேல் சிமெண்டுப் பூச்சு போட்டாலோ டைல்ஸ் ஒட்டினாலோ ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும்; அதிலுள்ள உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிச் செங்கல்லை மாவாக்கும். பூச்சை விரல்முட்டியால் தட்டினால் உள்ளே பொள்ளலாகக் கேட்கும் இடங்களில் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. கொண்டல் (கீழைக்காற்று) நேராக அடிக்கும் கிழக்குச் சுவரை மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சோதியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை மழைக்குப் பின் வீட்டுக்குள் போய் நின்று பார்க்க முடிந்தால், கோடையில் பார்ப்பதைவிடப் பல மடங்கு தெரியும்.

ஆய்வுக்குக் கட்டமைப்புப் பொறியியல் படித்து, உள்ளாட்சி அமைப்பில் கட்டமைப்புப் பொறியாளராகப் பதிவு செய்துகொண்டவரை அமர்த்துங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இல் இவர்களுக்கென்று தனிப் பதிவு இருக்கிறது. அவர் தரகர் சொன்ன ஆளாக இருக்கக்கூடாது. ‘பழுதுபார்க்கும் வேலையை நானே எடுத்துச் செய்கிறேன்’ என்பவராகவும் இருக்கக்கூடாது. சுண்ணாம்புக் கட்டடத்தில் வேலை செய்த அனுபவம் உண்டா என்று மறக்காமல் கேளுங்கள், ஏனெனில் கான்கிரீட்டு மட்டுமே அறிந்தவர் கண்ணுக்குக் காரைச்சுவர் எல்லாமே இடிக்கத் தக்கதாகத் தோன்றும். ஆய்வு முடிவதற்குள் முன்பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், ‘கட்டட உறுதி ஆய்வில் பெரும் பழுது தெரிந்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்’ என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: காயல்பட்டினத்தில் எங்கள் உறவினர் வீட்டை வாங்க எண்ணி ஆய்வு செய்தோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது. அறிக்கையில் ‘ரீபவுண்டு ஹாமர் நன்று, அல்ட்ராசானிக் 2.8, ஹாஃப் செல் மைனஸ் 380’ என்று எழுதி, முடிவாக ‘கட்டடம் திருப்திகரம்’ என்று கையொப்பம் இட்டிருக்கிறார்கள். இதை நம்பலாமா?

பதில்: எண்களை நம்புங்கள், முடிவை நம்பாதீர்கள். ரீபவுண்டு ஹாமர் கான்கிரீட்டின் மேற்பரப்பு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். பழைய கான்கிரீட் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மேல்பரப்பில் இறுகிப்போவதால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். புதிய கான்கிரீட்டில்கூட இந்தக் கருவி சொல்லும் வலிமை 25 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். அல்ட்ராசானிக் சோதனையில் கான்கிரீட்டுக்குள் ஒலி அலையின் வேகம் நொடிக்கு 3 கிலோமீட்டருக்குக் கீழே சென்றால் உள்ளே வெற்றிடமோ வெடிப்போ இருக்கிறதென்று சந்தேகப்பட வேண்டும், உங்களுடையது 2.8. ஹாஃப் செல் சோதனையில், செம்பு–செம்புச் சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டு எடுத்த கம்பியின் மின்னழுத்த அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டினால், அந்த இடத்தில் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருப்பதற்கான வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் என்பதே பொதுவான கணிப்பு. உங்களுடையது மைனஸ் 380. இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு திருப்திகரம் என்று எப்படி எழுதினார் என்பதை அவரிடமே எழுத்தில் கேளுங்கள். எந்த அறை, எந்தத் தூண், எத்தனை இடங்களில் எடுத்த அளவு என்ற விவரமும் வரைபடமும் இல்லாத அறிக்கைக்குக் கட்டணம் முழுவதும் கொடுக்க வேண்டியதில்லை. கான்கிரீட்டில் சிறு துளையிட்டு எடுத்த தூளில் குளோரைடு அளவும், உடைத்த இடத்தில் பினால்ப்தலீன் என்ற வேதிக்கரைசலைத் தெளித்துக் காரத்தன்மையும் பார்க்கச் சொல்லுங்கள். பினால்ப்தலீன் பட்ட இடம் ரோஸ் நிறமானால் கம்பிக்குக் கான்கிரீட்டின் காரத்தன்மை தரும் பாதுகாப்பு இன்னும் இருக்கிறது. நிறம் மாறாமல் நின்றால் அந்த ஆழம் வரை பாதுகாப்பு போய்விட்டது.

வெள்ளத்தைப் பற்றி உங்கள் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். மணற்பாங்கான நிலத்தில் அவ்வளவு தண்ணீர் நின்று வடியும்போது அடிவாரத்தின் (அஸ்திவாரத்தின்) கீழிருந்த நுண்மணலையும் இழுத்துக்கொண்டு போக வாய்ப்புண்டு. தரையைத் தட்டிப் பார்த்துப் பொள்ளலான இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் வெடிப்புகள் வெள்ளத்துக்கு முன்பே இருந்தவையா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்கு அருகிலுள்ள சுவரின் அடிவாரத்தை மட்டுமாவது ஓரிடத்தில் தோண்டிப் பாருங்கள். உறவினர் வீடு என்பதால் கேட்கக் கூச்சமாக இருக்கும். வாங்கிய பிறகு வரும் மனத்தாங்கல் அதைவிடப் பெரிது.

கேள்வி: திருச்செந்தூர் அருகே பழைய வீடு வாங்கிப் பத்திரப்பதிவும் முடிந்தது. அடுத்த மழையிலேயே பூச்சு உதிர்ந்து, உள்ளே உளுத்துப்போன உத்திரத்துக்குத் தகரம் அடித்துச் சாயம் பூசி மறைத்திருந்தது தெரியவந்தது. விற்றவர்மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா?

பதில்: ஒருவர் தமது பழைய வீட்டை இன்னொருவருக்கு நேரடியாக விற்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவை என்று கொள்வதில்லை, அதனால் விற்றவர்மீது அந்த வழி பொதுவாகச் செல்லாது. ஆனால் வேறு வழி இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாமலிருக்கிற, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவரே சொல்லிவிட வேண்டும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 55-ஆவது பிரிவு கடமையாக்குகிறது. சொல்லாமல் மறைப்பதை மோசடியாகவே கருதுகிறது. தகரம் அடித்து மறைத்தது அவருக்குத் தெரியும் என்பதற்கான சான்றுதான் உங்கள் வழக்கின் உயிர். தகரத்தைக் கழற்றுவதற்கு முன்பே தேதி தெரியும்படி படம் எடுங்கள். அதை அடித்த ஆசாரியைத் தேடிப் பேசுங்கள். கழற்றிய மரத்துண்டை எறியாமல் வையுங்கள். காலக்கெடு ஓடிக்கொண்டிருப்பதால் உரிமையியல் வழக்கறிஞரை உடனே பாருங்கள்.

வாங்கும்போது கட்டணம் கொடுத்து ஒரு பொறியாளரை வைத்துப் பார்த்திருந்து, அவர் கவனக்குறைவாக எழுதிக் கொடுத்திருந்தால், அது சேவைக் குறைபாடு. அவர்மீது 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடச் சட்டம் இடம் தருகிறது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக்கட்டணமும் இல்லை. பொறியாளருக்குப் பணத்தை ரசீது வாங்கிக் கொடுங்கள், அறிக்கையைக் கையொப்பத்தோடும் பதிவு எண்ணோடும் வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

கேள்வி: மணப்பாட்டில் தாத்தா வீட்டை என் பங்குக்கு வாங்கிக்கொள்ளப் போகிறேன். பழுதுபார்ப்பதைவிட இடித்துக் கட்டுவது சுலபம் என்கிறார் கொத்தனார். சரியா?

பதில்: கொத்தனாருக்கு அது சுலபம். உங்களுக்கு முதலில் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும். உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் வருகிற நிலத்தில் இவை பொருந்தும். கடலை ஒட்டிய பகுதியில் அனுமதி பெற்ற பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கவும், ஏற்கெனவே உள்ள அடித்தளப் பரப்பையும் தளப்பரப்பையும் மீறாமல் திரும்பக் கட்டவும்தான் இடமுண்டு. இடித்த பின் அனுமதி கிடைக்காவிட்டால் வெறும் மணல்தான் மிஞ்சும். எனவே இடிப்பதற்கு முன் மனை இந்த விதிகளின் எந்த வகைப்பாட்டில் வருகிறது என்பதை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் பத்திரத்தில் அது யாருக்கு, எவ்வளவு என்று எழுதியிருக்கிறதென்பதையும் பாருங்கள். ஒரு பக்கத்தை இடித்தால் மறுபக்கத்துக்கு முட்டுக் கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது.

உறுதி ஆய்வில் சுவரும் அடிவாரமும் நன்றாக இருப்பதாகத் தெரிந்தால் பழுதுபார்ப்பதே என் பரிந்துரை. சிமெண்டுப் பூச்சை உரித்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சுக்கு மாறுங்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டாலும், கோயில் திருப்பணி நடக்கும் இடங்களில் விசாரித்தால் கிடைப்பார்கள். பூச்சு வேலையைத் தை பிறந்து தொடங்கிப் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். கடும் வெயிலில் சுண்ணாம்பு சீக்கிரம் உலர்ந்து வெடிக்கும்.