மன்னிப்புக் கேட்கப் போகும் முன்

கேள்வி: எங்கள் சபையின் பொருளாளராக இருந்த நண்பர் காணிக்கைப் பணத்தில் கை வைத்துவிட்டார் என்று பொறாமையில் சிலரிடம் சொல்லிவிட்டேன். அது பொய். அவர் பொறுப்பை விட்டு விலகினார். சபைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். ஆண்டவரிடம் பலமுறை அறிக்கையிட்டும் எனக்குச் சமாதானம் இல்லை. அவரைப் போய்ப் பார்க்கலாமா? மன்னிக்க மறுத்தால் என்ன செய்வது?

பதில்: போங்கள், சகோதரரே. "தேவன் மன்னித்துவிட்டார், இனி மனுஷனிடம் எதற்கு?" என்று யாராவது தேற்றினால் கேட்காதீர்கள். பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" பின்பு வரச் சொல்கிறார் இயேசு (மத்தேயு 5:24). அதை அவர் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். நாள்கணக்கில் நடந்து வந்தவன் காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி நடக்க வேண்டும். அவ்வளவு அவசரமான காரியம் இது.

ஆனாலும் உங்கள் நண்பர் வீட்டுக்குப் போகும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில், அயலானை வஞ்சித்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, பலி செலுத்தும் நாளிலேயே உரியவனிடம் கொடுக்க வேண்டும் என்கிறது நியாயப்பிரமாணம். நீங்கள் எடுத்தது அவருடைய நற்பெயர். ஆகவே, யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், "நான் சொன்னது பொய், அவர் குற்றமற்றவர்" என்று சொல்லுங்கள். போதகரிடமும் மூப்பர்களிடமும் சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். அந்த வெட்கத்தை இத்தனை நாளும் அவர் சுமந்தார். சபை முழுவதற்கும் அறிவிப்பதை மட்டும் அவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். பழைய பேச்சு மறுபடி கிளம்புவதை அவர் விரும்பாமல் இருக்கலாம்.

அவரிடம் பேசும்போது சுருக்கமாகப் பேசுங்கள். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்ற சொல்லே வரக்கூடாது. புண்பட்டிருக்கிறது, அது உங்களுக்குத் தெரியும். "நீங்கள் பணம் எடுத்ததாக இன்னாரிடம் சொன்னேன். அது பொய். பொறாமையில் சொன்னேன். அவர்களிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன்." இவ்வளவு போதும். தேவனுடைய கட்டளையை மீறிய சவுல் ராஜாவும் "பாவஞ்செய்தேன்" என்றுதான் சொன்னான். ஆனால் ஜனங்களுக்குப் பயந்தேன் என்று காரணம் சொல்லி, மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி சாமுவேல் தீர்க்கதரிசியிடம் கேட்டான் (1 சாமுவேல் 15). அந்த வழியில் போகாதீர்கள். அவர் கோபப்பட்டால் முழுவதையும் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள்.

மன்னிப்பு நீங்கள் வசூலிக்கும் கடன் அல்ல. மன்னிக்காதவனைப் பரமபிதா மன்னிக்கமாட்டார் என்ற வசனத்தை அவரிடம் எடுத்துக் காட்டாதீர்கள். காயப்படுத்தியவர் வாயிலிருந்து வந்தால் அதுவும் ஒரு அடிதான். அவரை நெருக்கும்படி போதகரையும் அனுப்ப வேண்டாம். எல்லாரோடும் சமாதானமாயிருக்கச் சொல்லும்போதும், "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றே பவுல் எழுதினார் (ரோமர் 12:18). உங்கள் பங்கு அந்த எல்லையோடு நிற்கிறது.

சந்திக்கவே மறுத்தால், இதே வார்த்தைகளை ஒரே ஒரு கடிதமாக எழுதுங்கள், பதில் கேட்காதீர்கள். சபைக்குத் திரும்புவதும் திரும்பாததும் அவருடைய முடிவு. திரும்பினால், பொருளாளர் பொறுப்பை மறுபடி அவருக்குத் தரும்படி மூப்பர்களிடம் கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.